மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு எதற்கு? பெற்றோர் கேட்பவையும் என் பதில்களும்

திருச்சியில் எங்கள் வீட்டு முன்ஹாலில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்து உட்காருவார்கள். உட்காருவார்கள் என்பது பேச்சுக்கு; பாதிப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். வாய்ப்பாட்டு சொல்லித்தருவது என் தொழில். பெரிய பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு, அங்கே பெற்றோர் அதிகம் பேசுவதில்லை. இந்தச் சின்னதுகளைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்குத்தான் கேள்விகள் தீர்வதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள், நானும் அரைகுறையாக எதையாவது சொல்லி அனுப்புவேன். அந்தப் பதில்களை ஒருமுறை நிதானமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

பாட்டு கற்றால் ஐக்யூ கூடும் என்கிறார்களே, உண்மையா?

அதற்காகத்தான் சேர்க்கிறீர்கள் என்றால் சேர்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது, கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, இன்னொன்றுக்கு வாய்ப்பாட்டு, மூன்றாவதற்கு நாடகம், நான்காவதற்கு எந்த வகுப்பும் இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு குழுவுக்குமே மதிப்பெண் ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது, ஏறத்தான் செய்யும். பாட்டும் கீபோர்டும் கற்றவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 3 புள்ளி கூடுதலாக ஏறியிருந்தது. அந்த 3 புள்ளியை வைத்துத்தான் இத்தனை விளம்பரம். நாடகம் படித்த பிள்ளைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் தேறியிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை ஏனோ யாரும் நோட்டீஸில் அச்சடிப்பதில்லை.

சரி, அதற்கும் சின்னப் பிள்ளைகள்? 2013இல் ஹார்வர்டில் சாமுவேல் மெர் குழுவினர் நான்கு வயதுக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஆறு வாரம் பாட்டு வகுப்புக்குப் போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு ஓவிய வகுப்புக்குப் போனது. அப்புறம் வகுப்பே இல்லாத பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். பாட்டுக் குழு எதிலும் நம்பும்படியாக முந்தவில்லை. 2020இல் சாலாவும் கோபெட்டும் 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 7,000 பிள்ளைகளின் கணக்கை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக நடந்ததோ அவ்வளவுக்குப் பலன் சுருங்கிக்கொண்டே போய்ப் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது.

பாட்டு கணக்கு மார்க்கைக் கூட்டித்தர வேண்டிய அவசியமில்லை. கணக்கு கற்கும் பிள்ளையிடம் ‘இதனால் உனக்கு மோகன ராகம் நன்றாக வருமா’ என்று யாராவது கேட்கிறோமா?

வயிற்றில் இருக்கும்போதே மோட்சார்ட் போட்டுக் காட்டினோம். வீணா?

வீணில்லை, நீங்கள் ரசித்திருந்தால். மோட்சார்ட் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சைக் கிளப்பியது 1993இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சோதனை; அதில் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. 36 கல்லூரி மாணவர்கள், மோட்சார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார்கள். கேட்ட கையோடு காகித மடிப்பு மாதிரியான வடிவப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். கால்மணி நேரத்துக்குள் அந்த வேகம் அடங்கிவிட்டது. அவ்வளவுதான் செய்தி. அது ஊர் ஊராகப் போய் வளர்ந்து, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று பட்ஜெட்டில் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கடைசி மூன்று மாதம் காது கேட்கும் என்பது நிஜம். பின்லாந்தில் அந்த மாதங்களில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறந்த பிறகும், நான்கு மாதம் கழித்தும்கூட, அந்தக் குழந்தைகளின் மூளை அந்த மெட்டை அடையாளம் கண்டுகொண்டது. அடையாளம் தெரிந்தது என்பதுதான் முடிவு, அறிவு கூடியது என்பது இல்லை. வயிற்றின் மேல் ஹெட்போனை வைக்க வேண்டாம். அம்மாவின் குரல் உடம்பு வழியாகவே உள்ளே போய்விடுகிறது.

ஐக்யூ இல்லை, மார்க் இல்லை. அப்புறம் எதற்குத்தான் வகுப்பு?

காதுக்காக. இதை நான் ஆசையாகச் சொல்வேன், கொஞ்சம் நீளும்.

2005இல் வந்த இரண்டு ஆய்வுகளைத் தாளம் போடத் தெரிந்த எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலாவது கனடாவில். ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் எதுவும் இல்லாத ஒரு தாளத் துண்டைப் போட்டார்கள். பாதிக் குழந்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தட்டுக்கு ஒருமுறை குதிக்கவைத்தார்கள், மீதிப் பேரை மூன்று தட்டுக்கு ஒருமுறை. இரண்டே நிமிடம். பிறகு அதே துண்டை அழுத்தத்தோடு போட்டபோது, இரண்டில் குதித்தவை இரண்டாக ஒலித்ததை அதிக நேரம் கேட்டன, மூன்றில் குதித்தவை மூன்றாக ஒலித்ததை. சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அப்படி எதுவும் ஏற்படவில்லை. தாளம் காதில் மட்டும் ஏறுவதில்லை, உடம்பில் ஏறிய பிறகுதான் காது அதைப் பிரித்துக் கேட்கிறது. நம் வீடுகளில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலில் ஏற்றி ஆட்டிக்கொண்டே பாடுகிறாளே, அவள் செய்தது இதைத்தான்.

இரண்டாவது ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஹேனன், டிரெஹப் என்ற இருவர் செய்தது. மேற்கத்திய இசை பெரும்பாலும் இரண்டிலும் மூன்றிலும் சமமாகப் போகும். பால்கன் நாட்டுப்புற இசையில் ஐந்தும் ஏழும் சர்வ சாதாரணம். வட அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பால்கன் தாளத்தைப் போட்டு, நடுவில் ஓர் அட்சரத்தை, அதாவது ஒரு தட்டின் அளவை, கெடுத்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதக் குழந்தைகள் தடுமாறின. பெரியவர்களும் தடுமாறினார்கள். அதற்குள் காது தன் ஊர் எது என்று முடிவுசெய்துவிடுகிறது. ஒரு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைப் போட்டபோது திறமை திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அதே இரண்டு வாரம் பிரயோசனப்படவில்லை.

நம் தாளங்களில் மிஸ்ர சாபுவுக்கு ஏழு அட்சரம், கண்ட சாபுவுக்கு ஐந்து. முப்பது வயதில் ஆசைப்பட்டுப் பாட்டு கற்க வருகிறவர்கள் கண்ட சாபுவில் கால் இடறி விழுவதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். என் சனிக்கிழமைப் பிள்ளைகள் ‘தக தகிட’ சொல்லிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள், ஐந்து என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால்தான் கஷ்டம்.

பேச்சுக்கும் படிப்புக்குமாவது உதவுமா?

பேச்சு ஒலிகளைப் பிரித்துக் கேட்க உதவும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெய்ஜிங்கில் நான்கைந்து வயதுக்காரர்கள் 74 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது. ஒரு குழுவுக்கு ஆறு மாதம் பியானோ, ஒரு குழுவுக்கு அதே ஆறு மாதம் கூடுதல் வாசிப்புப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஐக்யூ, கவனம், ஞாபகசக்தி இவற்றில் வித்தியாசம் இல்லை. ஆனால் சொற்களில் மெய்யொலி மாறுவதைக் கண்டுபிடிப்பதில் பியானோ குழு வாசிப்புக் குழுவையே முந்திவிட்டது.

தமிழுக்கு இதில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. இது ஆய்வு முடிவு இல்லை, என் வகுப்பில் நான் பார்ப்பது. கல், கால், பல், பால், படம், பாடம். இவற்றுக்கிடையே இருப்பது முக்கியமாக நேர வித்தியாசம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த மாத்திரையைத் தொல்காப்பியம் கண் இமைக்கும் நேரத்தாலும் விரல் நொடிக்கும் நேரத்தாலும் அளக்கிறது. விரல் நொடித்து எழுத்தை அளந்த மொழி இது! யூகேஜியில் ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதுகிற பிள்ளைக்குத் துணைக்கால் மறந்துபோயிற்று என்று திட்டுகிறோம். பல சமயம் அது காலை மறக்கவில்லை, நீளத்தைக் கேட்கவே இல்லை. ‘கல்’லுக்கு ஒரு தட்டு, ‘கா…ல்’ என்றால் தட்டிக் கையை இழு என்று விளையாடவைத்தால் இரண்டே வாரத்தில் சில பிள்ளைகளிடம் மாற்றம் தெரிகிறது. சிலரிடம் தெரிவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோனை, எதுகை என்ற பெயரெல்லாம் பிற்பாடு பள்ளியில் வந்துசேரும். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கிப் பாடும் பிள்ளை, ‘அம்மாவும் அணிலும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது மிஸ்’ என்று தானாக வந்து சொல்லும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்னால் வர வேண்டிய காது அது.

எந்த வயதில் தொடங்கலாம்?

வீட்டில் என்றால் பிறந்த நாளிலிருந்து. வகுப்பு என்றால், பெற்றோர் கூடவே உட்காரும் வகுப்பாக இருந்தால் மூன்று வயது, தனியாக விட்டுப் போவதானால் நான்கு.

பிள்ளைத்தமிழைப் பாருங்கள். ஒன்பதாம் மாத வாக்கில் சப்பாணிப் பருவம்: குழந்தையைக் கைகொட்டச் சொல்லிப் பாடுவது. அதற்கு முன்னாலேயே தாலாட்டுக்குத் தாலப் பருவம் வந்துவிடுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் சிறுபறை இருக்கிறது. தெய்வமானாலும் அரசனானாலும் சின்ன வயதில் கையில் ஒரு குட்டிப் பறை. பெண்பாலில் அந்த இடத்தில் கழங்கும் அம்மானையும் ஊசலும் வந்துவிடும், பறை கிடையாது. என் வகுப்பில் பறை எல்லோருக்கும் உண்டு.

ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882–1967) பாலர் பள்ளியில் இசை பற்றி 1941இலேயே எழுதியவர். குழந்தையின் இசைக் கல்வி பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்க வேண்டும் என்றவர், பிற்பாடு அதைத் திருத்தி, தாய் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு என்றாராம். அப்படிப் பார்த்தால் நம்மில் பலர் ஏற்கெனவே தாமதம்தான், பரவாயில்லை.

எனக்குச் சுத்தமாகப் பாட வராது. வீட்டில் நான் என்ன செய்வது?

பாடுங்கள். உங்கள் பிள்ளைக்கு உங்களைவிடப் பெரிய பாடகர் உலகத்தில் கிடையாது, குறைந்தது அடுத்த நான்கு வருடத்துக்கு.

குளிப்பாட்டும்போது ஒரு பாட்டு, சோறு ஊட்டும்போது ஒரு பாட்டு, தூங்கவைக்க ஒரு பாட்டு. கை வீசிக்கொண்டு பாடுவது, சாய்ந்தாடிக்கொண்டு பாடுவது, நிலாவைக் கூப்பிடுவது எல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பாட்டை நூறு தடவை கேட்கும், சலிக்காமல் பாட வேண்டும். சலிப்பது உங்களுக்குத்தான், பிள்ளைக்கு நூறாவது தடவைதான் ருசி. அப்பாக்களும் பாடலாம். ‘அதெல்லாம் அவங்க டிபார்ட்மென்ட்’ என்று ஒதுங்குகிற அப்பாக்களை முதல் நாளே வட்டத்தில் உட்காரவைத்துவிடுவேன்.

ஒரே ஒரு நுணுக்கம். இந்த வயதுப் பிள்ளைக்கு இயல்பாக வரும் தட்டு நம்முடையதைவிட வேகமானது. நாம் நிதானமாகத் தட்டி ‘சேர்ந்து தட்டு’ என்றால் அதற்கு முடியாது, ஓடிப்போய்விடும். நீங்கள் அதன் வேகத்துக்குப் போங்கள். சேர்ந்துவிட்டது என்று உணர்ந்ததும் அது நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

யூடியூபில் எவ்வளவோ குழந்தைப் பாட்டு இருக்கிறதே, போதாதா?

பாட்டு இருக்கிறது, பதில் இல்லை. நீங்கள் பாடும்போது பிள்ளை நடுவில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துவீர்கள், சிரித்தால் மறுபடி அந்த வரியைப் பாடுவீர்கள். போன் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதுவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். திரையைக் கவிழ்த்துவைத்து ஓசையை மட்டும் கேட்கவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஹெட்போன் கொடுப்பவர்களுக்கு: பிள்ளைகளுக்கு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம் என்பது அதே நிறுவனம் வகுத்த எல்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்காருகிறவர்களைப் பார்த்தால் எழுந்துபோய் இடம் மாற்றிவிட்டு வருவேன். திட்டும் வாங்கியிருக்கிறேன்.

எல்கேஜி படிக்கிறாள். சரளி வரிசை ஆரம்பிக்கலாமா?

நான் ஆரம்பிப்பதில்லை. இதில் என் குருவே என்னோடு ஒத்துப்போகமாட்டார்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்ப ஸ்வரப் பாடமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது நம் மரபு. அதை மாயாமாளவகௌளை ராகத்தில் வைத்தார்கள். ஸ ரி க ம ஒரு பாதி, ப த நி ஸ மறு பாதி, இரண்டும் கண்ணாடி மாதிரி ஒரே அளவு. கற்பவருக்கு அது பெரிய வசதி. ஆனால் ஸவுக்கும் ரிக்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளி, ரிக்கும் கவுக்கும் நடுவே பெரிய தாண்டல். ஏழு வயதில் அது சவால். மூன்றரை வயதில் அது சுவர்.

இந்த வயதுப் பிள்ளை வசதியாகப் பாடுவது ஐந்தாறு ஸ்வரம்தான். 1 கட்டையை (கீபோர்டில் C) ஸ என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ரி முதல் த வரை. மேல் ஸ வரை ஏற்றினால் கத்தும். கத்துவதைப் பாட்டென்று பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவதற்கு என்னிடம்தான் வர வேண்டும். கோடாய் முறையில் முதலில் இரண்டே ஸ்வரம் எடுத்துக்கொள்வார்கள். நம் கணக்கில் அது மோகனத்தின் ப, க. மாடியிலிருந்து ஒரு பிள்ளை கீழே இருக்கும் அம்மாவை ‘அம்…மா’ என்று இழுத்துக் கூப்பிடுவதைக் கேளுங்கள், பெரும்பாலும் இந்த இரண்டு ஸ்வரமாக இருக்கும். நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். பெயர் கூப்பிடுவதையே பாட்டாக்கி, பிள்ளை ‘இருக்கேன் மிஸ்’ என்று அதே இரண்டு ஸ்வரத்தில் திருப்பிப் பாட வேண்டும். வருகைப் பதிவும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று.

ஆறரை, ஏழு வயதில் சரளி வரிசைக்கு வரட்டும். இப்படி வளர்ந்த பிள்ளைகள் அதை வேகமாகத் தாண்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

சுருதியே சேரவில்லை. ‘இவனுக்கு வராது’ என்று மாமியார் சொல்கிறார்.

நான்கு வயதில் சேராமல் இருப்பதுதான் வழக்கம். முதலில் சொல் வரும், அப்புறம் தாளம், அப்புறம் மெட்டின் ஏற்ற இறக்கம், சுருதி கடைசியாக வந்துசேரும். மாமியாரிடம் இன்னும் மூன்று வருடம் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் காதுபடச் சொல்லாமல் இருந்தால் போதும். ‘எனக்குப் பாட வராது’ என்று இன்று சொல்லும் பெரியவர்களில் பாதிப் பேர் யாரோ சின்ன வயதில் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

எந்த வாத்தியம் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். டபராவும் கரண்டியும் இருக்கிறது. ஒரு டப்பாவில் பயறு போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிடுங்கள். இறுக்கி ஒட்டுவது முக்கியம், பயறு மூக்குக்குள் போய்விடும். ஒரு கஞ்சிரா கிடைத்தால் விசேஷம்.

மிருதங்கம் இந்த விரல்களுக்குக் கனம். வயலினில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குட்டி வயலின் உண்டு. ஜப்பானில் ஷினிச்சி சுசுகி உருவாக்கிய முறையில் மூன்று வயதிலேயே தொடங்குகிறார்கள், ஆனால் அங்கே ஒரு நிபந்தனை: முதலில் அம்மாவோ அப்பாவோ வாசிக்கக் கற்க வேண்டும், பிள்ளை அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும். தாய்மொழி பேசக் கற்பது மாதிரி இசையும் வரும் என்பது அவர் கொள்கை. நீங்கள் கற்கத் தயாரா? தயார் என்றால் சேருங்கள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் போன் பார்ப்பதானால் டபராவே மேல்.

எங்கள் பையன் ரொம்பக் கூச்சம். வகுப்பில் ஒட்டுவானா?

முதல் ஒரு மாதம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நிற்கட்டும். அவன் வீட்டுக்குப் போய் முழு வகுப்பையும் அப்படியே பாடிக்காட்டுகிறான் என்று அம்மாக்கள் வந்து சொல்வார்கள்.

ஜெர்மனியில் கிர்ஷ்னர், டோமசெல்லோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக விளையாடவிட்டார்கள். சில ஜோடிகள் பாடி ஆடித் தட்டி விளையாடின. மற்ற ஜோடிகள் அதே விளையாட்டை, அதே அளவு ஓட்டத்தோடு, பாட்டில்லாமல் விளையாடின. பிறகு ஒருவனுக்குச் சங்கடம் வரும்படி செய்தபோது, சேர்ந்து பாடிய ஜோடிகளில்தான் மற்றவன் அதிகமாக உதவிக்குப் போனான். கனடாவில் பதினான்கு மாதக் குழந்தைகளிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள்: தன்னோடு ஒரே தாளத்தில் குதித்த பெண் கையிலிருந்ததைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுக்கின்றன, தாளம் மாறிக் குதித்தவளுக்கு அவ்வளவாக இல்லை.

சினிமாப் பாட்டுதான் பாடுகிறாள், அதுவும் குத்துப்பாட்டு. தடுக்கணுமா?

வேண்டாம். தாளம் பிரமாதமாக இருக்கும். வார்த்தை சங்கடமாக இருந்தால் வார்த்தையை மாற்றிவிடுங்கள், மெட்டை விட்டுவிடுங்கள். ‘இட்லி’ என்று மாற்றினால் பிள்ளைக்கு இன்னும் சந்தோஷம்.

இரண்டரை வயசாகிறது, பேச்சு வரவில்லை. பாட்டு கற்றால் வந்துவிடுமா?

முதலில் காதைப் பரிசோதியுங்கள். குழந்தை மருத்துவரிடம் சொல்லி, கேட்கும் திறன் சோதனை. பாட்டு அதற்கு மாற்று இல்லை, காத்திருப்பதும் சரியில்லை. பின்னாலிருந்து மெதுவாகத் தட்டினால் திரும்பாத பிள்ளை ஒன்றிரண்டை இத்தனை வருடத்தில் நானே கவனித்துப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தாலும் அப்படி ஆகும். மருத்துவம் ஒரு பக்கம் நடக்கட்டும், வகுப்புக்கும் தாராளமாக அழைத்து வாருங்கள்.

ஆண்டு விழாவில் மேடையேற்றலாமா?

எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. என் மகளுக்கு நாலேகால் வயதில், அவள் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்காக ஒரே பாட்டை ஏழு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். விழா அன்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு ஓடியது, பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்தார்கள். ‘நான் பாடினது யாருக்கும் கேக்கலை’ என்று வீட்டுக்கு வந்து அழுதாள். அதற்குப்பின் ஒன்றரை வருடம் அவள் வாயிலிருந்து பாட்டு வரவில்லை, பாட்டு டீச்சரின் வீட்டில்!

பத்துப் பேர் கொண்ட கொலுவில் பாடட்டும், தாத்தா பாட்டி முன்னால் பாடட்டும். மறந்துபோனால் நடுவில் நிறுத்திச் சிரிக்கட்டும். மேடை எங்கும் போய்விடாது.

நல்ல வகுப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்கவிட மறுத்தால் அங்கே வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரவைத்தால் வேண்டாம். ஆசிரியர் தானே பாடுகிறாரா, பெட்டியை ஓடவிடுகிறாரா என்று பாருங்கள். ‘மூன்று மாதத்தில் கிரேடு சர்டிபிகேட்’ என்று போர்டு இருந்தால் படியேறாமலே திரும்பிவிடுங்கள்.

ஃபீஸ் கட்டும் நிலையில் இல்லை.

இந்த வயதுக்கு மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் பாட்டும் ஆட்டமும் அன்றாடப் பாடமாகவே இருக்கிறது. நல்ல பணியாளர் அமைந்தால் என் வகுப்பெல்லாம் அதன் கிட்டே வர முடியாது, அங்கே தினமும், இங்கே வாரம் ஒருமுறை. ஐந்து வயதானதும் தமிழ்நாடு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தைப் பாருங்கள். 5 முதல் 16 வயது வரை பாட்டும் மற்ற கலைகளும் கற்றுத்தருகிறார்கள்.

மூன்று மாதம் வந்தான், இப்போது மாட்டேன் என்கிறான். நிறுத்தினால் இதுவரை கற்றது வீணாகிவிடுமா?

நிறுத்துங்கள். ஆனால் போகிற வழியில் ஸ்கூட்டரில் அவன் தனக்குத்தானே ஏதாவது முனகுகிறானா என்று கேட்டுப் பாருங்கள். முனகினால், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ஆறு வயதில் திரும்ப அழைத்து வாருங்கள், இடம் வைத்திருக்கிறேன்.